கை அரிப்பு: எந்த விரலில், எந்த நேரத்தில், யார் யாருக்கு?

மடிப்பாக்கத்திலிருந்து 42 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டிலேயே சமைத்து, தினமும் இருபது பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். நான்கு மாதங்களாக இரண்டு கைகளிலும் அரிப்பு. இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளும் வறண்டு வெடித்து, உப்பும் புளியும் பட்டால் எரிகின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் நான்கு நாட்களில் அடங்கிவிடுகிறது. நிறுத்திய வாரமே மறுபடியும் தலைகாட்டுகிறது. போர்த் தண்ணீர் காரணமா, ரத்தம் கெட்டுவிட்டதா, கரப்பான் பண்டம் என்று மாமியார் சொல்லும் கத்தரிக்காயையும் கருவாட்டையும் விட்டுவிட வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். சென்னையில் பல ஆண்டுகளாகத் தோல் மருத்துவம் பார்த்துவருகிறவன் என்ற முறையில், அவருக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கைக் கரப்பான். மருந்துச் சீட்டில் எக்ஸிமா என்று எழுதுவார்கள். ரத்தம் கெட்டுப்போவதால் அது வருவதில்லை, தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. வெடிப்பில் சீழ் வைத்தால் மட்டும், அது ஆறும்வரை சமையலிலிருந்து கையை விலக்கி வையுங்கள். சீழில் இருக்கும் கிருமி உணவில் கலந்தால் உண்பவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். ஆனாலும், கையை நேரில் பார்க்காமல் நான் சொல்வது ஓர் ஊகம்தான். கை அரிப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. முற்றிலும் வேறுபட்ட பல நோய்கள் அந்த ஒரே புகாரோடு வந்து நிற்கின்றன. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றை வளர்த்துவிடும். அதனால்தான், எந்த இடத்தில் அரிக்கிறது, எந்த நேரத்தில் அரிக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்ற மூன்றையும் கேட்காமல் எந்தக் களிம்பையும் பூசக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் தோலில் நடப்பதைப் பார்ப்போம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈயம் இருக்கும்வரை அதில் ரசம் வைக்கலாம். ஈயம் தேய்ந்துபோனால் புளி நேராகப் பித்தளையைத் தாக்கிக் களிம்பு ஏற்றிவிடும். நம் தோலின் மேற்பரப்பிலும் கொழுப்பாலான அப்படி ஒரு பூச்சு உண்டு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியிலிருக்கும் வேதிப்பொருள் உள்ளே போகாமலும் அதுதான் காக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பின் வேலையே கொழுப்பைக் கரைப்பதுதான். எண்ணெய்ப் பிசுக்கு எது, தோலின் பூச்சு எது என்று அதற்குத் தெரியாது. மேலும், நல்ல தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவில் 5-க்கு அருகில் இருப்பது. கட்டிச் சோப்புகளோ பெரும்பாலும் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட காரத்தன்மை உடையவை. ஒரு நாளில் இருபது முறை, முப்பது முறை கை நனையும்போது, இழந்த பூச்சைத் தோல் மறுபடியும் உண்டாக்கிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. பிறகு கம்பி நார், மிளகாய்த் தூள், எலுமிச்சைச் சாறு, தக்காளி என எது பட்டாலும் அது நேராக உயிருள்ள தோலில் போய்ப் படுகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது, அரிக்கிறது. சொறியச் சொறிய மேல்தோல் இன்னும் கிழிந்து, அதனாலேயே அரிப்பு மேலும் கூடுகிறது. கைக் கரப்பானில் மிகப் பெரும் பகுதி இந்த வகைதான். வீட்டுப் பெண்கள், ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், செவிலியர், முடிதிருத்துவோர் ஆகியோருக்கு இது தொழிலோடு வரும் நோய்.

இடது கையின் அந்த மூன்று விரல் நுனிகள் எனக்கு இன்னொன்றையும் சொல்கின்றன. வலக்கைக்காரர் ஒருவர் பூண்டு நறுக்கும் விதத்தை எண்ணிப்பாருங்கள். வலது கையில் கத்தி. பூண்டுப் பல்லைப் பற்றியிருப்பது இடது கையின் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும். பூண்டிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, சரியாக அந்த மூன்று நுனிகளை மட்டும் வறட்டி, தடிக்கச் செய்து, ரேகையோடு பிளந்துவிடும். சுண்டு விரல் வழுவழுப்பாக இருக்க, கட்டை விரல் மட்டும் பனை மட்டை போலச் சொரசொரத்திருக்கும் கையைக் கண்டால், “பூண்டு நிறைய உரிக்கிறீர்களா அம்மா?” என்றுதான் நான் முதலில் கேட்பேன். இருபது பேருக்குச் சமைக்கும் வீட்டில் பூண்டும் சின்ன வெங்காயமும் எவ்வளவு உரிபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரங்களுக்குப் பூண்டை வேறு யாராவது உரித்து நறுக்கித் தரட்டும். வழக்கமான கையுறைகளைப் பூண்டின் சேர்மம் ஊடுருவக் கூடியது என்பதால், கையுறையை மட்டும் நம்பி அந்த வேலையைத் தொடராதீர்கள். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் வேறு கதை. அவற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன. அவை குத்துவதால் யாருக்கும் அரிக்கும், சில மணி நேரத்தில் தானே போய்விடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவது நல்ல பழக்கம். ஆனால் வெடிப்பு இருக்கும்போது புளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்ளும் வழக்கம் வேண்டாம்.

போர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென் சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. வாளியில் வெள்ளைப் படலமும் குழாயில் உப்புப் படிவும் அதற்குச் சாட்சி. அந்த நீரில் சோப்பு நுரைக்காது. ஆகவே இன்னும் கொஞ்சம் சோப்பு போடுகிறோம். கரையாத சோப்புப் படிவு தோலில் தங்குகிறது. எனவே நீர் துணைக் குற்றவாளி. முதல் குற்றவாளி சோப்பும் நனைப்பும்தான். மெட்ரோ தண்ணீர் லாரிக்குச் செலவழிப்பதற்கு முன், ஒரு நாளில் கை எத்தனை முறை நனைகிறது என்பதைக் குறைக்கும் வழியைப் பாருங்கள்.

இனி, நீங்கள் உங்கள் வீட்டில் நிச்சயமாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாத அரிப்பு, படுத்த பிறகு உயிரை எடுக்கிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் அரிக்கிறதா? கணவரும் பிள்ளைகளும் சொறிகிறார்களா? ஆம் என்றால் அது கரப்பான் அல்ல, சொறி சிரங்கு. அரை மில்லிமீட்டர்கூட இராத ஓர் உண்ணி, தோலின் மேலடுக்கில் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது அது. நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து விரலிடுக்கைப் பார்த்தால், பென்சிலால் லேசாகக் கீறியது போன்று சில மில்லிமீட்டர் நீளத்துக்கு வளைந்த கோடு ஒன்று தெரியும். அதன் ஒரு முனையில் கரும்புள்ளியாக அந்த உண்ணி இருக்கும். சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் தவறானது. விடுதியில், கூட்டுக் குடும்பத்தில், குழந்தைகள் காப்பகத்தில் தோலோடு தோல் நெருங்கியிருக்கும் யாருக்கும் அது வரும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

சிரங்குக்கு மருந்து எளிது. மருந்து தோற்பது போடும் முறையால். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை அரிக்கும் இடத்தில் மட்டும் அல்லாமல், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண்களையும் விரலிடுக்குகளையும் விடாமல், இரவு பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை பூச வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். ஏனெனில் முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதைப் போடுவது, எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒரு குடும்பம் மூன்று முறை மருந்து போட்டும் குணமாகவில்லை என்று என்னிடம் வந்தது. விசாரித்ததில், பூசிய பிறகு அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவியிருக்கிறார், பிறகு கையில் மருந்து போட்டுக்கொள்ளவில்லை. அப்பா எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று விலகிக்கொண்டார். அந்த இரண்டைச் சரிசெய்ததும் நின்றது. கை கழுவினால் கைக்கு மட்டும் மீண்டும் பூசிக்கொள்ளுங்கள். அன்று உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாட்களுக்குக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள், மனித உடலை விட்டால் அந்த உண்ணி அதற்குள் மடிந்துவிடும். உண்ணி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு அரிப்பு மிச்சமிருக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதைக் கண்டு பயந்து தினமும் மருந்து பூசினால், மருந்தே தோலை எரித்துப் புதிய அரிப்பை உண்டாக்கும்.

மருந்துக் கடைக் களிம்புக்கு வருகிறேன். இதில்தான் என் மனம் மிகவும் பதைக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். எந்த அரிப்பானாலும் அதிலுள்ள ஸ்டீராய்டு சில நாட்கள் அடக்கிவிடும். நோய் போய்விட்டது என்று நம்புகிறோம். ஒரு கையின் உள்ளங்கை மட்டும் மாவு பூசியது போல் ரேகையோரம் வெளிறிச் செதில் உதிர்ந்து, கூடவே இரண்டு பாதங்களிலும் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. ஒரு கை, இரண்டு கால் என்ற அந்தக் கணக்கைத் தோல் மருத்துவர்கள் மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால், மேலே சிவப்பு மறைந்து உள்ளே பூஞ்சை செழிக்கும். வட்டமாக இருந்த தடம் உருமாறி, நாங்களே அடையாளம் காண முடியாமல் போகும். நம் நாட்டில் இன்று படர்தாமரை பழைய மருந்துகளுக்கு அடங்க மறுப்பதற்கு இந்தக் களிம்புகளின் பங்கு பெரிது. விரலிடுக்கும் புறங்கையும் மெல்லிய தோல். மாதக்கணக்கில் பூசினால் அங்கே தோல் காகிதமாகத் தேய்ந்துவிடும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கைக் கரப்பானுக்கு அதுவே முதல் மருந்து. உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால் வீரியமான வகையையே நாங்களும் எழுதுகிறோம். ஆனால் பெயர் தெரிந்த நோய்க்கு, தெரிந்த அளவில், குறித்த வாரங்களுக்கு மட்டும். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவின் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். ஒரு கையின் முன்னும் பின்னும் பூச அது போதும்.

விரல்களின் பக்கவாட்டில், ஊறிய ஜவ்வரிசி போல் ஆழத்தில் சிறு நீர்க்கொப்புளங்கள் வரிசையாகத் தோன்றித் தாங்க முடியாமல் அரித்து, இரண்டு மூன்று வாரங்களில் உரிந்துபோவதும் ஒருவகைக் கரப்பான்தான். வெயில் காலத்தில் கூடும், மன அழுத்தத்திலும் கூடும். ஊசியால் குத்திவிடாதீர்கள். காலில் பூஞ்சை இருந்தால், அதன் எதிரொலியாகவே கையில் இப்படி வருவது உண்டு. ஆகவே கையைக் காட்ட வருகிறவரிடம் செருப்பைக் கழற்றச் சொன்னால் தவறாக நினைக்க வேண்டாம். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே வெள்ளையாக ஊறிப் புண்ணாவது சேற்றுப்புண். அதற்கு ஈரத்தைத் தவிர்ப்பதும் பூஞ்சை மருந்தும் வேண்டும்.

தொழிலைக் கேட்காமல் கையைப் படிக்க முடியாது. கட்டடத் தொழிலாளியின் கையில் சிமெண்ட் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது: அதன் கடும் காரம் எரிக்கிறது, அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். உங்கள் பகுதிக்குப் பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலைதான். தோல் பதனிட உதவும் அதே உலோகத்தின் உப்பு, தோல் கையுறையிலும் செருப்பிலும் தங்கியிருப்பதால், சிமெண்ட் ஒவ்வாமை உள்ள கொத்தனார் பாதுகாப்புக்கென்று தோல் கையுறை அணிந்தால் அதுவே அவருக்கு எதிரியாகலாம். கோயம்பேட்டில் சாமந்தியை நாள் முழுக்கக் கட்டுகிறவர்களுக்கும் காசிமேட்டில் இறால் உரிப்பவர்களுக்கும் அந்தந்தப் பொருளே ஒவ்வாமையாகலாம். தலைக்குப் போடும் கறுப்புச் சாயத்தில் உள்ள பாரா ஃபினைலின் டையமீன், கறுப்பு மருதாணி என்று திருமண வீடுகளில் இடும் குழம்பிலும் சேர்க்கப்படுகிறது. அரைத்த மருதாணி இலை பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது, கறுப்பாகப் பற்றும் அந்தக் குழம்பு சிலருக்குக் கையைக் கொப்புளமாக்கிவிடும். கவரிங் வளையலிலும் மோதிரத்திலும் உள்ள நிக்கலும் இந்த வரிசையில் சேரும்.

எது ஒவ்வவில்லை என்பதைக் கண்டறியப் பேட்ச் டெஸ்ட் என்ற சோதனை உண்டு. சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு துளிகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. ஆகவே அக்கினி நட்சத்திரத்தில் செய்யாமல், மார்கழி, தை மாதங்களில் செய்துகொள்ளச் சொல்வேன். ஊசி போட்டு ரத்தம் எடுத்து நூறு உணவுகளின் பட்டியலைத் தரும் சோதனை கைக் கரப்பானுக்குப் பயன்படாது. அதற்குப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

தடிப்போ கொப்புளமோ வறட்சியோ எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் அதை இலேசாக விடக் கூடாது. குறிப்பாக ஆறு மாதம் கடந்த கர்ப்பிணிக்கு இரவில் அப்படி அரித்தால், கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வயிற்றில் உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்று சொல்லிக் காத்திராமல், அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிக் கல்லீரல் சோதனையும் பித்த அமிலச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்குக் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றைப் பார்ப்போம். அரிக்காமல், வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி மட்டும் இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். உடனே காட்டுங்கள், மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

இப்போது உங்கள் கைக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். சமைக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதன் அடியில் சோப்பு தங்கும். கை கழுவ வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீர் போதும், சுடுநீர் வேண்டாம்; நுரையாத மென்மையான கிளென்சர் இருந்தால் நல்லது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் உலர்வதற்குள் வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். ஆனால் வெடிப்புக்கு ஜெல்லியே மேல், விலையும் குறைவு, மணமூட்டிகள் இல்லாததால் ஒவ்வாமைக்கும் இடமில்லை. ஒரு நாளில் ஆறு, ஏழு முறை தடவ வேண்டும்; ஒரு சிறு டப்பா அடுப்பங்கரையில், ஒன்று கழுவும் தொட்டியின் அருகில், ஒன்று படுக்கையில் என்று வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும். இரவில் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்தி, வெளியே நைட்ரைல் அல்லது வினைல் கையுறை அணியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் உள்ளே வியர்த்து ஊறிவிடும் என்பதால் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம், பருத்தி நனைந்தால் மாற்றுங்கள். அழுக்குத் தெரியாத கைக்கு, சோப்பைவிட ஆல்கஹால் கலந்த கைத் திரவம் தோலுக்குக் குறைந்த கெடுதலே செய்கிறது. வெடிப்பில் எரியும் என்பதால், வெடிப்பு ஆறிய பிறகு அதைப் பயன்படுத்துங்கள். அரிப்பு தாங்காதபோது ஈரத் துணியில் சுற்றிய ஐஸை ஒற்றுங்கள். செட்டிரிசின் போன்ற மாத்திரை கரப்பான் அரிப்பை அதிகம் குறைக்காது.

தோல் பார்வைக்கு நன்றாகிவிட்ட பிறகும் அதன் பழைய வலிமை திரும்ப நான்கு, ஐந்து மாதங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் வழுவழுப்பானதும் ஜெல்லியை நிறுத்திவிட்டுப் பூண்டுக் கூடையை இழுத்துக்கொண்டு உட்காருவதால்தான் பலருக்கு மறுபடியும் வருகிறது.

கத்தரிக்காயையும் கருவாட்டையும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாமியாரின் சொல்லில் அக்கறை இருக்கிறது. அவற்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் அரிப்பு கூடுவதைத் திரும்பத் திரும்ப நீங்களே கண்டால் அப்போது விடுங்கள், இல்லாவிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசுவது காலங்காலமான கைமருந்து. ஆனால் வெடித்த தோலில் உப்பு என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். நகச்சுற்றுக்கு விரலில் எலுமிச்சம்பழம் செருகுவதையும் அதே காரணத்தால் தவிருங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டாலோ, சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், மேல் நோக்கிப் படரும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது, இதுவரை பூசிய களிம்புக் குழாய்கள், பாத்திரம் தேய்க்கும் சோப்பின் உறை, கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முந்தைய இரண்டு, மூன்று நாட்கள் கையில் களிம்பு எதுவும் பூசாமல் போனால், நோயின் உண்மையான முகத்தை மருத்துவர் பார்க்க முடியும்.